மருதானையில் பதினேழு நாள்

கென்சாக்கு குராமோச்சி செத்துப்போனார்.
இது மெய். இரண்டு செய்தி நிறுவனங்கள் சொல்லிவிட்டன.
வயது எண்பத்தெட்டு என்கிறது ஒன்று,
தொண்ணூற்றொன்று என்கிறது மற்றது.
மிச்சம் மூன்று வருஷத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல்
மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டு
தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

ஞாயிறு இதழில் அரைப்பக்கம்.
‘கொழும்பு மறவாத வாள்வீரர்’ என்று
தலையை பெனடிக்ற் வைத்துவிட்டார்.
உடம்பு தைப்பது என் வேலை.

வாள்வீரர் என்றால் கதாநாயகன் இல்லை,
கதாநாயகனிடம் மூன்றாவதாக வெட்டுப்படுகிறவர்.
முதல் ஆள் அலறுவான். இரண்டாம் ஆள் ஆற்றில் விழுவான்.
இவர் மட்டும் நின்று
இடுப்புக் கச்சையை இழுத்துச் சரிசெய்து
பிறகுதான் விழுவார்.
அந்த ஒரு இழுப்புக்கு
மருதானைக் கலரியில் விசில் பறந்ததாம்,
பதினொரு கிழமை.

நிஜ வாள் பட்டு இடது சுண்டுவிரல் போனது என்பார்கள்.
(கடைசிப் படத்தை நிறுத்தி எண்ணினேன். பத்தும் இருக்கிறது.)
மீனவர் மகன்.
(பல்வைத்தியர் மகன்.)
போரில் கப்பல் தாழ, இரவு முழுக்க நீந்தித் தப்பியவர்.
(போர் முடிகையில் வயது ஒன்பது, அல்லது பன்னிரண்டு.
நீந்தவும் தெரியாதாம், மனைவி சொல்லிச் சிரித்திருக்கிறார்.)
அறுபத்துநாலு ஜூலையில் கப்பலில் வந்து
நூர் லொட்ஜில் பதினேழு நாள் தங்கினார்.

இதையும் வெட்டத்தான் பஸ் ஏறினேன்.

லொட்ஜ் இப்போது கைப்பேசிக் கண்ணாடி மாற்றும் கடை.
பதிவேடு தெமட்டகொடையில், மரிக்கார் வீட்டு அலுமாரியில்,
பாதி கறையானுக்கு, பாதி எனக்கு.
பெயர் இருக்கிறது. தொழில்: நடிகர்.
நாள் வாடகை மூன்று ரூபா ஐம்பது சதம்.
செலுத்திய பணம் என்ற கட்டத்தில்
மரிக்காரின் வாப்பா எழுதியிருந்தார்:
வேண்டாம்.

சலூன் சாமுவேல்ராசா: முடி நான்தான் வெட்டினனான்.
காசு நீட்டினார், வாங்கேல்லை.
கதிரையால எழும்பி, கச்சையைச் சரிசெய்து,
இந்தச் சீமெந்தில விழுந்து காட்டினார்.
மிஸிஸ் ஒண்டாச்சி, கொட்டாஞ்சேனை:
சேர்ச் மண்டபத்தில் அவரோடு ஒரு நடனம்.
பிறகு கடற்கரைக்கு, என்று தொடங்கியவர்
விசிறியை எடுத்து
அதை எழுதாதே மகள் என்றார்.

அப்புறம்தான் கியோட்டோவிலிருந்து பதில் வந்தது.
அந்த ஜூலை முழுக்க ஸ்டூடியோ வரவுப் புத்தகத்தில்
நாள் தவறாமல் அவர் முத்திரை.
சில நாள் இரண்டு தரம் செத்திருக்கிறார்.

துறைமுகத்துப் பழைய தாள் ஒன்றில்
காய்ச்சலில் இறக்கிவிடப்பட்ட கப்பல் சமையற்காரன்,
வயது இருபத்தாறு. பெயர் இருந்த இடத்தில் மைக்கறை.
பதினெட்டாம் நாள் அடுத்த கப்பலில் ஏறியிருக்கிறான்.

சாமுவேல்ராசாவுக்கு எப்படிச் சொல்வதென்று
இரண்டு தரம் எடுத்து, இரண்டு தரம் வைத்து,
மூன்றாம் தரம் சொல்லிவிட்டேன்:
ஐயா, அது அவரில்லை.
கத்தரிக்கோல் நிற்கும் சத்தம் கேட்டது.

தெரியும் பிள்ளை.
கையில வெங்காய மணம்.
பிடரியில அடுப்புச் சூடு பட்ட தழும்பு.
ஆனா விழுந்தார் பாருங்கோ,
அதில ஒரு பிழையில்லை.

எழுதினேன்: அவர் கொழும்புக்கு வந்ததில்லை.
பெனடிக்ற் தலைப்பை மாற்றவில்லை.
நானும் கேட்கவில்லை.
கொழும்பு மறக்கவில்லை என்பதில்
பொய் எந்தச் சொல்லில் என்று
இன்னும் பிடிபடவில்லை எனக்கு.

பக்கம் அச்சுக்குப் போன பின்
லாச்சியைத் திறந்தேன்.
சமையற்காரனுக்கு இரங்கல் எழுத
பெயரில்லை, படமில்லை, செத்த தேதியில்லை.
காகித ஓரத்தில் பெருக்கிப் பார்த்தேன்:
பதினேழு நாள், மூன்று ஐம்பதுப்படி,
ஐம்பத்தொன்பது ரூபா ஐம்பது சதம்.

இந்தக் கதையில்
திருத்தம் தேவைப்படாத ஒரே எண்.